போன் பிடித்த கை, குனிந்த கழுத்து: பிள்ளைகளின் உடம்பைக் காக்க எங்கே தொடங்குவது?

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்கலாம்?" பெற்றோர் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலில் 2 வயது முடியும்வரை எந்தத் திரையும் கூடாது. 2 முதல் 5 வயதுவரை பெரியவர் பக்கத்தில் இருக்க 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 5 முதல் 10 வயதுக்கு 2 மணி நேரத்துக்குள். டிவி, டேப், போன் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ஆனால் இந்த மணிக்கணக்கை முதல் நாளே பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் பெரும்பாலும் தோற்பது பெற்றோர்தான். சாயங்காலம் 5 மணிக்கு மேசைமேல் நிறுத்திவைத்து அரை மணி நேரம் பார்ப்பதும், ராத்திரி 10 மணிக்கு விளக்கணைத்த அறையில் குப்புறப் படுத்து அரை மணி நேரம் பார்ப்பதும் கணக்கில் ஒன்று, உடம்புக்கு ஒன்றில்லை. எவ்வளவு தூரத்தில், எந்த நிலையில், எந்த நேரத்தில், எதை விட்டுவிட்டுப் பார்க்கிறது என்பதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்தாலே நேரமும் தானாகக் குறையத் தொடங்கும்.

முதல் படி: மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் கவனியுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதி இருக்கும். எந்தச் செயலி எத்தனை நிமிடம் ஓடியது, போன் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை அது நாள்வாரியாகக் காட்டும். ஐபோனில் இதற்கு 'ஸ்க்ரீன் டைம்' என்று பெயர். வீட்டில் இரண்டு மூன்று போன் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அம்மா போனில் 40 நிமிடம் என்று நிம்மதியாக இருக்கும்போது, ஆயாவின் (பாட்டியின்) போனில் 2 மணி நேரம் ஓடியிருக்கும்.

கூடவே ஒரு தாளில் நான்கு விஷயம் குறியுங்கள்: சாப்பிடும்போது போன் இருந்ததா, எந்த நிலையில் பார்த்தது, முகத்துக்கும் போனுக்கும் எவ்வளவு இடைவெளி, தூங்கப்போகுமுன் கடைசியாகக் கையில் என்ன இருந்தது. இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படிக்குப் போனால் எதைக் குறைக்கிறோம் என்றே தெரியாது.

போன் ஏன் கைமாறுகிறது என்பதும் இந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். நம் வேலூர் வட்டாரத்தில் ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் அம்மா ஷூ கம்பெனிக்கோ தோல் கம்பெனிக்கோ காலையிலேயே கிளம்பிவிட்டால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு முட்டிவலி. ஓடிப் பிடிக்க முடியாது, போனைக் கொடுத்துவிடுவார். குடியாத்தம், பேரணாம்பட்டில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிற அம்மாவுக்கோ, பிள்ளை தூளில் கைவைக்காமல் இருக்க வேண்டும். இவர்களிடம் "போனே கொடுக்காதீர்கள்" என்பது வெறும் பேச்சு. முதல் வீட்டுக்கு ஒரு வழி உண்டு: ஆயாவிடம் பட்டன் போன் மட்டும் இருக்கட்டும், ஸ்மார்ட்போன் வேலைக்குப் போகிறவரோடு போகட்டும். பேசுவதற்குப் பட்டன் போன் போதும். இரண்டாவது வீட்டில் கதையையோ பாட்டையோ ஓடவிட்டு, போனைக் கவிழ்த்து அலமாரிமேல் வைத்துவிடலாம். காது கேட்கும், கண்ணும் கழுத்தும் சும்மா இருக்கும்.

இரண்டாம் படி: தட்டு, படுக்கை, இருட்டு

இந்த மூன்று இடத்திலிருந்து மட்டும் போனை எடுங்கள். மற்ற நேரத்தில் இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம். மூன்றையும் ஒரே நாளில் எடுக்கவும் வேண்டாம். ஒன்று படிந்த பிறகு அடுத்தது.

தட்டிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் பகலில் நடப்பது, கண்ணெதிரே நடப்பது. வீடியோ பார்த்துக்கொண்டே சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. ஊட்டுகிறவர் நிறுத்தும்வரை வாய் திறக்கும். ஒரு வீட்டில் இது அளவுக்கு மீறிய எடையாக முடியும். இன்னொரு வீட்டில் வாயில் அடக்கிவைத்து ஒரு மணி நேரம் இழுக்கும் பழக்கமாக முடியும். மெல்லாமல் விழுங்குவதால் புரையேறும் அபாயமும் உண்டு.

நல்ல பசி இருக்கும் ஒரு வேளையை, பெரும்பாலும் மதியத்தை, தேர்ந்தெடுங்கள். அதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து பிஸ்கட், பால், ஜூஸ் எதுவும் வேண்டாம். போன் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, பெரியவர்களுடையதும்தான். தட்டில் வழக்கத்தைவிடக் குறைவாக வைத்து, பிள்ளை தன் கையால் எடுத்துச் சாப்பிடட்டும். சிந்தும், பரவாயில்லை. 20 முதல் 30 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைவரை தண்ணீர் தவிர எதுவும் தரக் கூடாது. முதல் சில நாள் பாதிகூடச் சாப்பிடாது, அழும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் திட்டம் உடைகிறது: "பட்டினியா கெடக்குதே" என்று சாயங்காலம் 4 மணிக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட் வரும், ராத்திரி போன் திரும்ப வரும். ஆரோக்கியமான பிள்ளை ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் அடுத்த வேளையில் ஈடுகட்டிவிடும். எடை ஏற்கெனவே குறைவாக இருக்கும் பிள்ளை, வேறு நோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது படுக்கை. தூங்குவதற்கு 1 மணி நேரம் முன்பு திரை முடிந்துவிட வேண்டும். தூக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு இருட்டத் தொடங்கும்போது ஏறும். கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடித்தால் அது தள்ளிப்போகும். வெளிச்சம் பாதிக் காரணம்தான். விளையாட்டில் அடுத்த கட்டம், தானாக ஓடும் அடுத்த வீடியோ, இவை மூளையை விழிப்பிலேயே வைக்கும். அதனால் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' போட்டுவிட்டு 11 மணிவரை பார்க்கவிடுவதில் பயனில்லை. 3, 4 வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயதில் 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை 6 மணிக்கு எழுந்தால்தான் பள்ளி வேனைப் பிடிக்க முடியும் என்ற 8 வயதுப் பிள்ளை, ராத்திரி 9 மணிக்காவது கண் மூட வேண்டும் என்று இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான்.

சார்ஜரை ஹாலில் ஒரே இடத்தில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். வீட்டில் உள்ள எல்லாருடைய போனும் ராத்திரி அங்கேதான். "அலாரத்துக்கு வேணும்" என்று பெரிய பிள்ளை கேட்டால் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள், செலவு அதிகமில்லை. தலையணைக்கடியில் போனை வைத்துச் சார்ஜ் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெக்கையில் போன் ஏற்கெனவே சூடு. மேலே துணியும் மூடினால் பேட்டரி உப்பிப்போகும், தீப்பிடிக்கவும் கூடும்.

இருட்டு என்று தனியாகச் சொல்லக் காரணம் மொட்டை மாடி. கோடையில் கரண்ட் போனால் பாயைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மேலே போவோம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் ஓரமாகப் படுத்து முகத்துக்கு அரையடி தூரத்தில் போனைப் பிடித்திருப்பார்கள். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் ஒரு பளிச்சென்ற சதுரம். கண் கூசும், சீக்கிரம் களைத்துப்போகும், தலை வலிக்கும், தூக்கமும் கெடும். மாடிக்குப் போன் வேண்டாம் என்று விதி வைத்துவிட்டால் போதும். அங்கே பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

மூன்றாம் படி: தூரமும் உட்காரும் விதமும்

பள்ளிப் பெட்டியில் இருக்கும் 30 செ.மீ. ஸ்கேலை எடுங்கள். ஒரு முனை பிள்ளையின் மூக்கருகே, மறுமுனையில் போன். இதுதான் குறைந்தபட்சத் தூரம். இன்னும் தள்ளிப் போனால் நல்லது. கையில் பிடித்துப் பார்த்தால் 10 நிமிடத்தில் கை தளர்ந்து போன் 15, 20 செ.மீ.க்கு வந்துவிடும். அதனால் கையில் கொடுக்காமல் எதன்மேலாவது நிறுத்திவையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் இரண்டு தடித்த புத்தகத்தை அடுக்கி, பின்னால் ஒரு டப்பாவைச் சாய்மானமாக வைத்தாலே போதும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கட்டும்.

பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தொங்கக் கூடாது. கீழே ஒரு பலகையோ முக்காலியோ போடுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். படுத்துப் பார்ப்பது எந்தப் பக்கமாகப் படுத்தாலும் வேண்டாம்.

பெரியவர் தலையின் எடை சுமார் 5 கிலோ. நேராக நிமிர்ந்திருந்தால் கழுத்து சுமப்பதும் அவ்வளவுதான். தலை 30 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின்மேல் ஏறும் சுமை 18 கிலோ அளவுக்கும், 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ அளவுக்கும் போகும் என்று 2014-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு சொல்கிறது. அது பெரியவர் உடம்பை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் எண்ணை அப்படியே பிள்ளைக்குப் பொருத்தக் கூடாது. குனியக் குனியச் சுமை கூடும் என்பதில் மாற்றமில்லை. 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் சொம்பை எட்டி வைத்தால் அதற்காகவாவது எழும்.

கட்டைவிரலும் இதில் சேர்த்திதான். மணிக்கணக்கில் போனில் விளையாடும் பிள்ளைகளுக்கு மணிக்கட்டில், கட்டைவிரல் அடியில் ஓடும் தசைநாண் வீங்கக்கூடும். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களை மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் பக்கம் சுரீரென்று வலித்தால் விளையாட்டுக்கு முழு ஓய்வு. இரண்டு வாரத்தில் குறையவில்லையென்றால் எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நான்காம் படி: கண்

இங்கே நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் தவறான ஆலோசனைகள் அதிகம் புழங்குவது இதில்தான்.

போன் பார்ப்பதால் கண்ணுக்கு வரும் தொல்லை இரண்டு வகை. ஒன்று களைப்பும் வறட்சியும். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை இமைக்கும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணீர்ப் படலம் காய்ந்து உறுத்தும். பிள்ளை கண்ணைக் கசக்கும், வேகவேகமாகச் சிமிட்டும். டேபிள் ஃபேனோ ஏர்கூலரோ முகத்துக்கு நேரே அடித்தால் இன்னும் மோசம், திசையை மாற்றுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றை 20 விநாடி பார்ப்பது உதவும். வீட்டுக்குள் 6 மீட்டர் கிடைக்காது, வாசலுக்கு வந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் சரியாக இருக்கும். இந்த வகைத் தொல்லை ஓய்வில் சரியாகிவிடும்.

இரண்டாவது கிட்டப்பார்வை. இது சரியாகிற விஷயமில்லை. விழி முன்பின்னாக நீண்டுவிடுவதால் தூரத்துப் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். 1 மி.மீ. கூடுதலாக நீண்டாலே மைனஸ் 2.5 முதல் 3 வரை பவர் ஏறும். நீண்ட விழி திரும்பச் சுருங்குவதில்லை. கண்ணாடி பிம்பத்தைச் சரிசெய்யுமே தவிர விழியை அல்ல. பவர் மைனஸ் 6-ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் அபாயம் கூடும். அப்பா அம்மாவுக்குக் கண்ணாடி இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். பரம்பரையை மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது கிட்டத்தில் உற்றுப் பார்க்கும் நேரமும் வெயில் வெளிச்சமும்தான்.

வெளிச்சத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். டியூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெளியே வேப்பமர நிழலில்கூட அது பல ஆயிரம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைத்து, விழி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். தினம் 2 மணி நேரம் வெளியே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. உச்சி வெயிலில் நிற்க வேண்டியதில்லை, நிழல் போதும். வேலூர்க் கோடைக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்ளுங்கள்: காலை 6.30 முதல் 8.00, மாலை 5.00 முதல் 6.30. கோட்டைப் பூங்கா, தெருமுனை, பள்ளி மைதானம், தண்ணீர் ஓடாத நாளில் பாலாற்று மணல், எங்கே ஆனாலும் சரி. கில்லி, கிரிக்கெட், நொண்டி என்று ஓடினால் 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் தினம் 60 நிமிட உடலுழைப்பும் அதிலேயே முடிந்துவிடும். ஏப்ரல், மே விடுமுறையில் 11 முதல் 4 மணிவரை வெளியே அனுப்ப முடியாது. போன் வீட்டை ஆளும் நேரமும் அதுதான். அப்போது திரை தவிர்க்க முடியாவிட்டால் கையில் போனுக்குப் பதில் 2 மீட்டர் தள்ளி டிவி. மிச்ச நேரத்துக்குக் கேரம், தாயம், பல்லாங்குழி.

இனி பரிசோதனை. போர்டில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, டிவிக்குக் கிட்டே நகர்வது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்ப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை: சுவர் நாட்காட்டிக்கு 3 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி எண்களைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறுகண். ஒரு கண்ணில் தெரிவது மற்றதில் தெரியவில்லையென்றால் உடனே கண் டாக்டர். ஒரு கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாமல் விட்டுவிடும் சோம்பேறிக் கண்ணுக்குச் சிகிச்சை 7, 8 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அப்படியே கண்ணாடி போட்டுவிடுவது பிள்ளைகளுக்குச் சரிவராது. கிட்டத்தில் குவிக்கும் தசை பிள்ளைகளுக்கு வலுவானது. இயந்திரத்துக்குள் பார்க்கும்போது அது இறுகிக்கொண்டு, இல்லாத மைனஸைக் காட்டிவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, தசையைத் தளரவிட்டுப் பார்க்கிறார்கள். மருந்தைப் பொறுத்துச் சில மணி நேரமோ சில நாளோ பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். பரீட்சைக்கு முந்தின நாள் கூட்டிப் போகாதீர்கள். ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. அரசுப் பள்ளிகளில் நடக்கும் கண் பரிசோதனையில் குறை தெரிந்தால் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது தவறு. பவரைக் குறைத்துப் போட்டால் கண் பழகிவிடும் என்பதும் தவறு. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. கண் களைப்பை அது குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

காது

இயர்போனில் கேட்கும் சத்தத்துக்கும் அளவு உண்டு. டெசிபல் என்பது ஒலியை அளக்கும் அலகு. குழந்தைகளுக்கு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம்: இதற்கு மேல் போகக் கூடாது. வீட்டில் டெசிபல் அளக்க முடியாது என்பதால் ஒலி அளவை 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். கை நீட்டும் தூரத்தில் நின்று சாதாரணமாகக் கூப்பிட்டால் காதில் விழவில்லையென்றால் சத்தம் அதிகம். உட்காதில் ஒருமுறை அழிந்த, ஒலியை உணரும் செவி மயிரணுக்கள் மறுபடி முளைப்பதில்லை.

கடைசியில்தான் பூட்டு

மேலே சொன்னது ஓரளவு படிந்த பிறகு நேரக் கட்டுப்பாடு போடுங்கள். டிஜிட்டல் வெல்பீயிங்கில் யூடியூபுக்கு 30 நிமிடம் என்று வைக்கலாம், ஆனால் அதே போனில் பிள்ளையே அதை நீக்கவும் முடியும். பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி மூலம் உங்கள் போனிலிருந்து தினசரி அளவும் படுக்கை நேரப் பூட்டும் வையுங்கள். செயலிக்கு மட்டும் அளவு வைத்தால் குரோமில் போய் யூடியூபைத் திறந்துவிடும். பிரவுசருக்கும் சேர்த்து வையுங்கள். 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள். வீடியோவின் நடுவில் பிடுங்குவதைவிட, "இது முடிஞ்சதும் போன் சார்ஜருக்குப் போகணும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அழுகை குறைகிறது.

திடீரென்று மாறுகண், இரட்டையாகத் தெரிவது, காலையில் எழும்போதே வாந்தியோடு தலைவலி, கை மரத்துப்போவது, தூக்கத்தில் எழுப்பிவிடும் கழுத்துவலி, காதில் நிற்காத இரைச்சல் இவற்றைப் போன் பார்த்ததால்தான் என்று நீங்களே முடிவுகட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள்; உடனே டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது பழைய கண்ணாடி, பழைய சீட்டு, முதல் மூன்று நாள் குறித்த அந்தத் தாள் மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள். "எவ்வளவு நேரம் போன் பார்க்குது?" என்று டாக்டர் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியிருக்காது.